உதவி நிதியும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், சங்கத்தின் உதவி நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு 'அன்றும் இன்றும்'. பனிமூட்டத்தில் மணிச்சத்தம் கேட்டு ஓடி வந்தது, விடுதியில் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவியது, இவற்றைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மலரிலும் பாதிப் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே நான் காசைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வெளியிலிருந்து ஒரு அமைப்பினர் வந்து தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேருக்குச் சப்பாத்து கொடுத்தார்கள். அமைப்பின் பெயர் வேண்டாம். நல்ல மனதோடுதான் வந்தார்கள். எங்கள் பெயர்களை வாசித்தார்கள், மேடையேறி வாங்கினோம், படம் எடுத்தார்கள். எனக்குக் கிடைத்த சோடி ஒரு அளவு சின்னது. படம் எடுக்கும் நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? பின்பக்கத்தை மிதித்து நசுக்கி, செருப்பு மாதிரி ஒரு வருடம் இழுத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "குடுக்கிறவுங்ககிட்ட அளவு கேக்கக் கூடாது பாப்பா" என்றார்.

பிறகு படித்தேன், ஆசிரியையானேன், முப்பது வருடங்களுக்கு மேல் கற்பித்தேன். ஓய்வு பெற்றதும் என்னைச் சங்கத்தின் உதவி நிதிக் குழுவில் சேர்த்தார்கள். அங்கே நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பிள்ளைகளின் கால் அளவைக் கேட்காமல் சப்பாத்து கொடுத்தேன். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டீசல் இல்லை, பஸ் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, தூரத்து டிவிசன்களிலிருந்து வரும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று குறைந்துகொண்டே வந்தார்கள். அந்த வருடம் நாங்கள் ஐந்து பேர் தேநீர் குடித்தபடி கூடிப் பேசி, நாற்பது புத்தகப் பைகள் வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்குப் பை எதற்கு? எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி எழவில்லை. எங்கள் ஐவரில் இன்றைய பஸ் கட்டணம் தெரிந்தவர் எத்தனை பேர் என்று பின்னால் விசாரித்தேன். ஒருவர். அதுவும் ஹட்டன் - கொழும்புக் கட்டணம்.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் நம் பழைய மாணவி ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. தன் மகள் பள்ளியில் படித்துக்கொண்டே அவர்களுடைய ஊர் அறநிதியில் ஒரு குழுவில் இருக்கிறாள் என்றும், எந்த வேலைக்கு எவ்வளவு காசு கொடுப்பது என்று அந்தப் பிள்ளைகளே வாக்களித்து முடிவு செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. விசாரித்துப் படித்தேன்.

கடையில் நாம் காணும் கெலொக்ஸ் சோளப்பொரிப் பெட்டி இருக்கிறதல்லவா, அந்தக் கம்பனியைத் தொடங்கிய டபிள்யூ. கே. கெலொக் 1930இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அது மிச்சிகன் மாநிலத்தில்தான் இருக்கிறது. அந்த மாநிலத்தின் ஊர்களில் ஊர் மக்களே சேர்த்து நடத்தும் பொது அறநிதிகள் உண்டு. 1980களின் கடைசியில் கெலொக் அறக்கட்டளை அந்த நிதிகளிடம் ஒரு நிபந்தனையோடு போனது. 'நீங்கள் ஊரில் பணம் சேருங்கள், நாங்களும் ஒரு பங்கு போடுகிறோம், ஒரு நிதிக்குப் பத்து இலட்சம் டொலர் வரை. ஆனால் அதில் ஒரு பகுதி இளையோருக்கான நிலையான நிதியாக இருக்க வேண்டும், அதிலிருந்து யாருக்குக் கொடுப்பது என்பதைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் அடங்கிய குழுதான் முடிவு செய்ய வேண்டும்.' காசு வேண்டுமென்றால் பிள்ளைகளைச் சபையில் உட்கார வை என்பதுதான் நிபந்தனை. ஊர் ஊராக அந்தக் குழுக்கள் உருவாகின. முதலைத் தொடுவதில்லை, அதன் வருமானத்தைத்தான் பங்கிடுகிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை தங்கள் வயதுப் பிள்ளைகளிடமே, 'உங்களுக்கு எது பிரச்சினை?' என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். விண்ணப்பங்களை வாசித்து, இடத்துக்குப் போய்ப் பார்த்து, வாக்களிக்கிறார்கள். 1998இல் 16, 17 வயதினர் பொது அமைப்புகளின் நிர்வாக சபையில் வாக்குரிமையோடு இருக்கலாம் என்று அந்த மாநிலம் சட்டமே செய்தது.

வட அயர்லாந்தில் 1999 அளவில் 'யூத் பாங்க்' என்ற பெயரில் இதே மாதிரி ஒன்று தொடங்கியது. அங்கே கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்று முப்பது வருடம் ஒருவரை ஒருவர் கொன்ற சண்டை 1998இல்தான் ஓர் உடன்படிக்கையில் முடிந்திருந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு, 'பேசுங்கள்' என்று சொல்வதைவிட, 'இந்தாருங்கள் காசு, சேர்ந்து முடிவு செய்யுங்கள்' என்று சொல்வது பயனாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நமக்கு இது புதிதா என்று கேட்டால், பாதி புதிது, பாதி பழையது. பள்ளிகளில் இன்டரக்ட் கழகம் இருக்கிறது, லியோ கழகம் இருக்கிறது. பிள்ளைகள் உண்டியல் ஏந்தி, கேக் விற்று, காசு சேர்க்கிறார்கள். சேர்ந்த காசு எங்கே போக வேண்டும் என்று பெரும்பாலும் பெரியவர்கள்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு படத்தில் நிற்கிறார்கள்.

பழையது எது? தோட்டத்தில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் சாமானுக்கும் யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. மரண உதவிச் சங்கம் இருக்கிறது. சீட்டு இருக்கிறது. திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று செக்ரோலில் பிடிப்பார்கள், முடிந்ததும் தலைவர் கோயில் முற்றத்தில் நின்று வரவு செலவை வாசிப்பார். 'மலையகத்தான் எப்போதும் வாங்கியே பழகியவன்' என்று வெளியில் சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நாம் கொடுத்துப் பழகியவர்கள், கணக்கு வாசித்துப் பழகியவர்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த முற்றத்தில் கணக்கு வாசித்த பெண்ணை என் சிறுவயதில் நான் கண்டதில்லை. கொழுந்து பறித்தவர்கள் பெண்கள், பேர் அவர்களுடையது, வெட்டுப்பட்ட காசும் அவர்களுடையது. சம்பள நாளில் மனைவியின் காசைக் கணவனும், மகளின் காசைத் தகப்பனும் போய் வாங்கி வந்த காலத்தை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் அம்மா தன் சம்பளத்தை முதன்முதலில் தன் கையில் எண்ணியபோது நான் ஆசிரியையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆகவே 2024இல் குழுவிடம் நான் கேட்டது ஒன்றுதான். நிதியிலிருந்து 75,000 ரூபாவைத் தாருங்கள், தரம் 12 பிள்ளைகள் ஒன்பது பேர் அதை என்ன செய்வதென்று தீர்மானிக்கட்டும். பொருளாளர் தயங்கினார். தயங்குவதுதான் பொருளாளரின் வேலை. கடைசியில் சம்மதித்தார். மாணவத் தலைவிகளை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டேன். விரும்பியவர்கள் பெயர் கொடுத்தார்கள், சீட்டுக் குலுக்கினோம், ஆனால் ஐந்து பேராவது லயத்திலிருந்து வருகிறவர்களாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டு அனுப்பினோம். ஒரு தகப்பன் நேரில் வந்துவிட்டார். "காசு விசயத்துல பொம்பளப் புள்ளைய ஏன் டீச்சர் இழுக்கிறீங்க? நாளைக்கு ஒரு குறை வந்தா பேரு கெட்டுப் போகும்." அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. காசில் கை வைத்தவருக்கு ஊர்ப் பேச்சு நிச்சயம். எல்லாச் செலவுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும், காசோலையில் கையெழுத்து எங்களுடையது, பிள்ளைகளின் கையில் பணமே வராது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் கடிதம் வந்தது. கையெழுத்து அம்மாவுடையது.

முதல் கூட்டத்தில் நான் செய்த தவறை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. எங்களுக்கு வந்திருந்த தனிப்பட்ட உதவி விண்ணப்பங்கள் பதினான்கையும் பெயரை மறைத்து, பிரதி எடுத்து, பிள்ளைகள் முன் வைத்தேன். 'யாருக்கு அதிகம் தேவை என்று பாருங்கள்' என்றேன். ஒரு பிள்ளை இரண்டு வரி வாசித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"டீச்சர், பேரை மறைச்சிட்டீங்க. ஆனா மரம் விழுந்து தகப்பன் செத்தது, மூணு தங்கச்சின்னு எழுதியிருக்கு. இது யாருன்னு எனக்குத் தெரியும். எனக்கு முன் பெஞ்சில உக்காருறா. இதை நான் வாசிச்சேன்னு தெரிஞ்சா இனி என் முகத்தைப் பார்க்க மாட்டா."

ஒருவரும் பேசவில்லை. எனக்கு அந்தச் சப்பாத்து மேடை ஞாபகம் வந்தது. பெயரை வாசிப்பதற்கும் கதையை வாசிப்பதற்கும் என்ன வித்தியாசம்? எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்றே ஒரு வரம்பு வைத்தோம். ஒரு தனிப் பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ செய்யும் உதவி, குழுவில் இரண்டு மூத்தவர்களும் வகுப்பாசிரியரும் மட்டும் அறிந்து செய்வது. மாணவியர் குழு தீர்மானிப்பது பொது வேலைகளை மட்டும். அமெரிக்கப் பிள்ளைகளும் அமைப்புகளுக்கும் வேலைத் திட்டங்களுக்கும்தான் கொடுக்கிறார்கள் என்று நான் படித்திருந்தேன். படித்ததன் காரணம் அந்தப் பிள்ளை தாளைக் கவிழ்த்தபோதுதான் விளங்கியது.

பிறகு அறிவித்தல் போட்டோம். வகுப்புகள், கழகங்கள், சுற்றியுள்ள தோட்டங்களின் தாய்மார், இளைஞர் என யாரும் ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்கலாம். பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, கொடையாளர் பெயர்களோடு வாசலில் எழுப்பவிருந்த நூற்றாண்டு வளைவுக்கு ஒரு பங்கு கேட்டது. அதற்கு ஒரு வாக்கும் விழவில்லை. அதை எழுதியவள் நான்தான்.

அந்த நாட்களில் எனக்குப் பிடித்த காட்சி, அவர்கள் காசை எண்ணிய விதம். அப்போதுதான் நாட்சம்பளம் 1350 ரூபாவாக ஆகியிருந்தது. ஒரு பிள்ளை எந்தத் தொகையைக் கண்டாலும் 'பேர்' கணக்கில் மாற்றிச் சொல்வாள். 75,000 ரூபா என்றால் ஏறக்குறைய 56 பேர். அதாவது ஓர் அம்மா 56 நாள் பறித்த கொழுந்து. அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் 'சும்மா ஓர் ஐயாயிரம்' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மலசலகூடக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள், மூடியுள்ள வாளிகள், அவசரத்துக்கு ஒரு அலுமாரியில் சுகாதாரத் துவாய் என்று தரம் 9 பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். 22,000 ரூபா. அதே வருடம் அரசாங்கம் பாடசாலை மாணவியருக்குத் துவாய் வாங்க 1200 ரூபா வவுச்சர் கொடுக்க முன்வந்திருந்தது. 'வவுச்சர் இருக்கிறதே, பிறகு ஏன்?' என்று கேட்டேன். "வவுச்சர்ல தாழ்ப்பாள் வாங்க முடியாது டீச்சர்" என்றார்கள். மாதத்தில் மூன்று நாள் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று நாங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை ஒரு கதவில் இருந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் நாம் எல்லோரும் அந்தக் கதவுகளைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தவர்கள்தாம். பெரியவர்களானதும் எப்படியோ மறந்துவிட்டோம்.

இன்னொன்று, ஒரு டிவிசனில் மாலை நேரப் படிப்பிடம். லயத்துக் காம்பராவில் மேசை போட இடமில்லை, பக்கத்துச் சுவரில் தொலைக்காட்சிச் சத்தம். பிள்ளை மடுவம் பின்னேரத்தில் சும்மா கிடக்கிறது, அங்கே மின்குமிழும் பெஞ்சும் போட்டுத் தாருங்கள் என்று தாய்மார் கேட்டார்கள். நாங்களாக இருந்தால் உடனே கொடுத்திருப்போம். பிள்ளைகள் சனிக்கிழமை போய்ப் பார்த்தார்கள், இரண்டு ஆசிரியைகள் கூடப் போனார்கள். திரும்பி வந்து கேட்ட கேள்விகள்: மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது? மனேஜர் எழுத்தில் சம்மதம் தந்தாரா, வாயால் சொன்னாரா? ஏழு மணிக்கு முடிந்தால் மேல் லயத்துப் பிள்ளைகளை யார் கூட்டிப் போவது, அந்தப் பாதையில் சிறுத்தை நடமாடுகிறதே? கூரை மூலையில் குளவிக்கூடு இருப்பது யாருக்காவது தெரியுமா? தாய்மார் முறை வைத்து டோர்ச்சோடு வருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் 31,000 ரூபாவுக்கு வாக்களித்தார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது.

மறுப்பதற்குத்தான் மிகவும் சிரமப்பட்டார்கள். வலைப்பந்து அணி உடுப்புக் கேட்டது. அணித் தலைவியின் அக்கா இந்தக் குழுவில் இருந்தாள். அவள் தானாகவே எழுந்து, "இதுக்கு நான் வெளியில இருக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாட்டில் எத்தனையோ சபைகளில் நரைத்த தலைகளுக்கு வராத பழக்கம் அது. அணிக்குக் கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதத்தை நான்கு தடவை எழுதினார்கள். முதல் பிரதியில் 'வருந்துகிறோம்' மூன்று இடத்தில் இருந்தது, காரணம் எந்த இடத்திலும் இல்லை. கடைசிப் பிரதியில் காரணம் இருந்தது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தோட்டக் கோயிலில் வாசிப்பு அலுமாரிக்கு 15,000 ரூபா கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அலுமாரி பூட்டியிருக்கிறது. 'புத்தகம் கிழிஞ்சிரும்' என்று திறப்பை ஒரு பெரியவர் வீட்டில் வைத்திருக்கிறார். பிள்ளைகள் தங்கள் அறிக்கையில் எழுதிய வரியை அப்படியே சொல்கிறேன்: 'திறப்பு யாரிடம் இருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை.' நம் சங்கத்தின் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். நமது தவறு என்று ஒரு வரி எங்கும் அகப்படவில்லை. மிச்சம் 7,000 ரூபா பயணச் செலவுக்குப் போனது.

நேரமும் பறிபோனது. ஐந்து சனிக்கிழமைகள். உயர்தரப் பிள்ளைக்குச் சனிக்கிழமை என்றால் ரியூசன். இரண்டு பேர் இடையில் விலகினார்கள், அதில் தவறில்லை. இப்போது தவணைக்கு இரண்டு கூட்டம் என்று குறைத்திருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நுவரெலியா மாவட்டம் என்ன பாடுபட்டது என்பதை வெளிநாட்டிலிருந்து பார்த்த உங்களுக்கும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய காசில் அரிசி, பருப்பு, போர்வை என்று நாங்கள் லொறி ஏற்றினோம். அது வேண்டியதுதான். அப்போது இரண்டாவது வருடக் குழுப் பிள்ளைகள் தொலைபேசியில் ஒவ்வொரு டிவிசனாகத் தங்கள் வயதுப் பிள்ளைகளிடம் 'என்ன போச்சு?' என்று கேட்டிருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம், இடையில் நின்றுவிட்டது. மீதிப் பாடங்களுக்கு உட்கார வேண்டிய பிள்ளைகளின் குறிப்புக் கொப்பிகள் மண்ணுக்குள் போய்விட்டன. இரண்டு வருடக் குறிப்பு. அதைக் கடையில் வாங்க முடியாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளைச் சேர்த்து, பாடம் பாடமாகப் பிரதி எடுத்து, பாதை திறந்த அன்றே அனுப்பினார்கள். செலவு 18,000 ரூபா. நிவாரணம் என்று நாங்கள் போட்ட பட்டியலில் கொப்பி இருந்தது. வெறும் கொப்பி.

இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. நூற்றாண்டுக்காகச் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை நிலையான வைப்பாகப் போட்டு, அதன் வட்டியை வருடந்தோறும் மாணவியர் குழு தீர்மானிக்க வேண்டும். உதவி நிதிக் குழுவில் இரண்டு ஆசனம் தரம் 12 மாணவியருக்கு, வாக்கோடு. கையெழுத்தும் கணக்காய்வும் நம்மிடம் இருக்கும். 'வாக்கு வேண்டாம், ஆலோசனை சொல்லட்டும்' என்று ஒரு திருத்தம் வரவிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்காமாரே, ஆலோசனை மட்டும் கேட்டிருந்தால் என்னுடைய வளைவு வாசலில் நின்றிருக்கும்.

கடல் கடந்து இருக்கும் உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா பெயரில் கொடுங்கள், அப்பத்தா பெயரில் கொடுங்கள், மலரில் பெயர் போடுகிறோம். 'இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். நீங்கள் படித்தபோது இருந்த தேவை இன்னும் அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணிக்கு, பிள்ளைகள் இரண்டு வருடக் கணக்கையும் இதே மேடையில் வாசிப்பார்கள். பூட்டிய அலுமாரியின் பக்கமும் அதில் இருக்கிறது. வாசிக்கப் போகிறவள், தகப்பன் மறுத்து அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிள்ளை. அந்த அம்மா இன்று வேலைக்குப் பேர் போடாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கில் சந்தேகம் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.